எட்டுக்கால் பூச்சி பூச்சியா? – விலங்கினங்களை வகுத்தறிந்த வரலாறு



நம் வீட்டுக் கூரை மூலையில் வலை பின்னித் தொங்குகிறதே, அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் எட்டுக்கால் பூச்சி. இந்தப் பெயரில் ஓர் உண்மையும் உண்டு. ஒரு தவறும் உண்டு. எட்டுக்கால் என்பது உண்மை. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்து வைத்த பெயர் அது. பூச்சி என்பதுதான் தவறு. பூச்சி என்றால் அதற்கு ஆறு கால்கள் இருக்க வேண்டும். தலை, மார்பு, வயிறு என்று உடல் மூன்று பகுதியாக இருக்க வேண்டும். எட்டுக்கால் உடையது வேறு இனம். தேளும் உண்ணியும்தான் அதற்குச் சொந்தக்காரர்கள்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். மழைநாளில் காட்டோரம் போனால் காலில் ஏறி இரத்தம் குடிப்பது அட்டை. தொட்டவுடன் சக்கரமாகச் சுருண்டு கொள்வது மரவட்டை. லங்காவிப் பக்கம் கடலிலிருந்து எடுத்துக் காமாட் எண்ணெய் காய்ச்சுகிறார்களே, அது கடலட்டை. பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி மூவர் போலத் தோன்றும். விலங்கியல் நூலைத் திறந்தாலோ இவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! இந்த மூன்றில் ஒன்று, மற்ற இரண்டையும்விட மனிதனாகிய நமக்கே நெருங்கிய உறவு. அது எது? கட்டுரையின் நடுவில் விடை வரும். அதுவரை யோசித்துக் கொண்டிருங்கள்.

"இதெல்லாம் தெரிஞ்சு என்னங்க ஆகப் போவுது? பால் வெட்டுறவனுக்கு எதுக்குங்க இந்தக் கணக்கு?" என்று பெற்றோர் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு கொசுவுக்கும் இன்னொரு கொசுவுக்கும் உள்ள வேறுபாடு தெரியாத காரணத்தால், இந்த நாட்டுத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். அந்த வேறுபாடு தெரிந்த பிறகு பலர் பிழைத்தார்கள். ஆகவே இது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. அந்தக் கதைக்கு வருமுன், உயிரினங்களை மனிதன் எப்படியெல்லாம் பிரித்துப் பார்த்தான் என்பதைச் சற்றுக் காண்போம்.

பழந்தமிழரும் பழங்கிரேக்கரும்

உயிர்களைப் பாகுபடுத்தும் எண்ணம் தமிழனுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பிரிக்கிறது. தொட்டால் உணர்வது மட்டும் உடைய புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். சுவையும் அறியும் நத்தை, சிப்பி போன்றவை ஈரறிவு. மணமும் அறியும் கரையானும் எறும்பும் மூவறிவு. கண்ணும் உடைய நண்டும் வண்டும் நாலறிவு. செவியும் உடைய விலங்குகள் ஐந்தறிவு. மனம் என்னும் ஆறாவது அறிவும் பெற்றவர் மக்கள்.

இன்றைய ஆராய்ச்சிக்கு முன் இதில் சில செய்திகள் நிற்க மாட்டா. நத்தைக்கும் கண் உண்டு. எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்கும் கண் உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியது, சிறியது, அழகானது, அசிங்கமானது என்று பார்க்காமல், "இந்த உயிரால் எதை அறிய முடிகிறது?" என்று கேட்டு வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மேல்தோற்றத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே தொடங்கிவிட்டது.

கிரேக்க நாட்டில் கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த அரிஸ்டாட்டில், ஏறத்தாழ ஐந்நூறு வகை விலங்குகளைப் பற்றி எழுதி வைத்தார். மீனவர்களிடம் பேசினார், பல உயிர்களை அறுத்தும் பார்த்தார். சிவந்த இரத்தம் உள்ளவை, இல்லாதவை என்று விலங்குகளை இரண்டாகப் பிரித்தார். அவர் செய்த ஒரு காரியம் வியப்புக்குரியது. கடலில் நீந்தும் ஓங்கிலையும் திமிங்கிலத்தையும் அவர் மீன்களோடு சேர்க்கவில்லை. அவை மூச்சுவிட நீருக்கு மேலே வருகின்றன, குட்டி போடுகின்றன, பால் கொடுக்கின்றன என்று கண்டு, தனிப் பிரிவாக வைத்தார்.

ஆனால் உண்மையை ஒருவர் கண்டு சொல்லிவிட்டால் மட்டும் உலகம் அதை ஏற்றுக்கொண்டு விடுமா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் பெரிய பெரிய அறிஞர்கள் திமிங்கிலத்தை மீன் என்றே எழுதிக் கொண்டிருந்தார்கள். மலாய் மொழியில் இன்றும் அது "ஈக்கான் பாவுஸ்", அதாவது பாவுஸ் மீன்தான்!

பெயர் வைத்த பெருமகன்

சுவீடன் நாட்டில் 1707இல் பிறந்தவர் கார்ல் லின்னேயஸ். உலகத்திலுள்ள செடி கொடி, விலங்கு அனைத்தையும் ஓர் ஒழுங்கில் அடுக்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1735இல் அவர் வெளியிட்ட "இயற்கையின் அமைப்பு" என்னும் நூல் சில பெரிய தாள்களே கொண்டது. அதில் திமிங்கிலம் மீன்களோடுதான் இருந்தது. ஆனால் அவர் தாம் எழுதியதைத் தாமே திருத்தத் தயங்காதவர். 1758இல் வந்த பத்தாம் பதிப்பில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட விலங்கினங்கள் இடம்பெற்றன. பால் கொடுக்கும் உயிர்களையெல்லாம் "பாலூட்டிகள்" என்று ஒரே வகுப்பாக்கினார். திமிங்கிலமும் அங்கே வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயரை முறையாக வைத்ததும் அந்தப் பதிப்பில்தான். நமக்கு ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயரும் இருப்பதுபோல, முதற்சொல் நெருங்கிய உறவுகளுக்குப் பொதுப்பெயர். இரண்டாம் சொல் அந்த இனத்துக்கே உரிய சிறப்புப் பெயர். மனிதனுக்கு "ஹோமோ சேப்பியன்ஸ்" என்று பெயர் வைத்தவர் அவரே. தமிழர் யானை என்போம், மலாய்க்காரர் காஜா என்பார், ஆங்கிலேயர் எலிஃபண்ட் என்பார். "எலிஃபாஸ் மாக்சிமஸ்" என்றால் உலகெங்கும் எல்லாருக்கும் அது ஆசிய யானை ஒன்றுதான். விலங்குப் பெயர்களுக்கெல்லாம் 1758ஆம் ஆண்டே தொடக்க ஆண்டு என்று உலக விலங்கியலார் இன்றும் கொண்டிருக்கிறார்கள்.

லின்னேயசிடமும் பிழைகள் இருந்தன. வெளவாலை அவர் குரங்கோடும் மனிதனோடும் ஒரே வரிசையில் வைத்தார். காண்டாமிருகத்தை எலி, அணில் கூட்டத்தில் சேர்த்தார். சுறாமீனைத் தவளையோடும் பாம்போடும் போட்டார். பூச்சி என்ற தலைப்பில் சிலந்தி, தேள், நண்டு, பூரான் எல்லாவற்றையும் அடக்கினார். மிச்சம் மீதி உள்ள எலும்பில்லாத உயிர்களையெல்லாம் "புழுக்கள்" என்று ஒரே சாக்கில் கட்டி வைத்துவிட்டார்.

அவர் செய்த இன்னொரு பிழை நம்மையும் தொடுவது. மனிதர்களை நான்கு கண்டங்களின்படி நான்காகப் பிரித்து, தோல் நிறத்தைக் குறித்து, கூடவே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணத்தையும் எழுதி வைத்தார். ஐரோப்பியர் அறிவுக்கூர்மை உடையவர் என்றும் மற்றவருள் சிலர் சோம்பலோ பேராசையோ உடையவர் என்றும் அதில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் இதையே சாக்காக வைத்து மனிதருக்குள் உயர்வு தாழ்வு பேசினார்கள். வெள்ளைத் துரைக்கு ஒரு நியாயம், கூலிக்காரனுக்கு ஒரு நியாயம் என்று இருந்த காலத்துக்கு இத்தகைய எழுத்துகளும் துணை நின்றன. காண்டாமிருகத்தை எலியோடு சேர்த்தது நகைப்புக்குரிய பிழை. தோலைப் பார்த்து மனிதனுக்குக் குணம் எழுதியதோ பலரை அழ வைத்த பிழை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: மேலே பார்த்ததை வைத்து உள்ளே இருப்பதை முடிவு கட்டியது.

புழுச் சாக்கைப் பிரித்தவர்

லின்னேயஸ் கட்டி வைத்த அந்தப் புழுச் சாக்கை அவிழ்த்தவர் பிரான்சு நாட்டு லமார்க். 1793இல் பாரிசிலுள்ள இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் அவருக்குப் பூச்சி, புழுக்களைப் பற்றிய பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது அவர் ஐம்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்தார். அதுவரை அவர் செடிகொடிகளை ஆராய்ந்தவர். யாரும் விரும்பாத அந்தப் பகுதியை அவர் மனம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார். முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்ற பெரும் பிரிவை நிலைநாட்டினார். சிலந்தியையும் நண்டையும் பூச்சிகளிலிருந்து பிரித்தார். 1815 முதல் 1822 வரை முதுகெலும்பில்லாத விலங்குகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கடைசிக் காலத்தில் கண்பார்வை போயிற்று, வறுமையும் வாட்டியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்து 1829இல் மறைந்தார்.

அதே காட்சியகத்தில் பணியாற்றிய குவியே என்பவர், உடலை அறுத்து உள்ளமைப்பை ஒப்பிடும் கலையில் வல்லவர். ஓர் எலும்பைப் பார்த்தே அது எந்த வகை விலங்கினுடையது என்று சொல்லக் கூடியவர் என்று பெயர் பெற்றவர். 1817இல் வெளியான அவருடைய நூல் விலங்குகளை உடலின் அடிப்படை அமைப்பைக் கொண்டு நான்கு பெரும் பிரிவுகளாக்கியது. அவருக்குப் பிறகு பிரிவுகள் மேலும் பெருகின.

முக்கியமான விலங்குக் கூட்டங்கள்

இன்று பெயர் பெற்ற விலங்கினங்கள் ஏறக்குறைய பதினைந்து இலட்சம். அவற்றை முப்பதுக்கு மேற்பட்ட பெருந்தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். மாணவர் அறிய வேண்டிய முக்கியமானவை ஒன்பது.

முதலாவது, துளையுடலிகள். கடற்பஞ்சு இவ்வகை. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பும் இல்லை. உடம்பெல்லாம் துளை; அதன் வழியே ஓடும் நீரில்தான் உணவு.

இரண்டாவது, குழியுடலிகள். மலாய்க்காரர் ஊபுர்-ஊபுர் என்று சொல்லும் சொறிமீனும் பவளப்பூச்சியும் இதில் அடங்கும். உண்பதற்கும் கழிப்பதற்கும் ஒரே வாய். பட்டால் கொட்டும் நுண்ணிய கருவிகள் இவற்றின் அடையாளம். சொறிமீன் மீனும் அன்று. பவளப்பூச்சி பூச்சியும் அன்று.

மூன்றாவது, தட்டைப்புழுக்கள். குடலில் வாழும் நாடாப்புழு இவ்வகை. நான்காவது, உருளைப்புழுக்கள். வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சி ஆளையே வெளுக்க வைக்கும் கொக்கிப்புழு இதைச் சேர்ந்தது. அந்தக் காலத் தோட்டங்களில் கக்கூசு வசதி இல்லாத இடங்களில் இது செய்த கேடு கொஞ்சமன்று. "செருப்புப் போட்டுக்கிட்டுப் போடா" என்று அம்மா சொல்வது சும்மா அன்று!

ஐந்தாவது, வளையப்புழுக்கள். உடல் முழுதும் வளையம் வளையமாக அமைந்திருக்கும். மண்ணை உழும் மண்புழுவும் இரத்தம் குடிக்கும் அட்டையும் இந்த ஒரே குடும்பம்தான்.

ஆறாவது, மெல்லுடலிகள். நத்தை, சிப்பி, கெராங் இவற்றுக்கு வெளியே ஓடு உண்டு. சந்தையில் வாங்கும் சோத்தோங்குக்கு அந்த ஓடு உள்ளே போய் மெல்லிய தகடாகிவிட்டது.

ஏழாவது, கணுக்காலிகள். விலங்குலகில் மிகப் பெரிய கூட்டம் இதுவே. இணைப்பு இணைப்பாக மடங்கும் கால்களும், வெளியே சட்டை போன்ற ஓடும் இவற்றின் அடையாளம். ஆறு கால் உடையவை பூச்சிகள்; எட்டுக்கால் உடையவை சிலந்தி, தேள்; பத்துக்கால் உடையவை நண்டு, இறால். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு சோடிக் கால் என்றால் பூரான். பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடி என்றால் மரவட்டை. பூரானுக்கு நஞ்சு உண்டு, கடிக்கும். மரவட்டை கடிக்காது, ஆனால் அதன் உடலிலிருந்து வரும் நீர் கண்ணில் பட்டால் எரியும்.

எட்டாவது, முட்தோலிகள். நட்சத்திர மீனும் கடலட்டையும் இவ்வகை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை. கரு வளரும் முறையை ஆராய்ந்தபோது, முட்தோலிகளும் முதுகெலும்புள்ளவையும் ஒரே கிளையில் வருபவை என்று தெரிந்தது. பிற்கால மரபணு ஆராய்ச்சியும் அதை உறுதி செய்தது. ஆகவே, கண் மூக்கு எதுவுமின்றிக் கடலடியில் கிடக்கும் அந்தக் கடலட்டைதான், அட்டையையும் மரவட்டையையும்விட நமக்கு நெருங்கிய சொந்தம்!

ஒன்பதாவது, முதுகுநாணிகள். முதுகெலும்புள்ள அனைத்தும் இதில் அடங்கும். பள்ளியில் இவற்றை ஐந்தாகப் படிக்கிறோம். செவுளால் மூச்சுவிடும் மீன்கள். குஞ்சில் நீரிலும் வளர்ந்தபின் தரையிலும் வாழும் தவளை போன்ற இருவாழ்விகள். செதில் போர்த்த ஊர்வன. இறகு உடைய பறவைகள். உரோமமும் பாலும் உடைய பாலூட்டிகள். உடம்பெல்லாம் செதில் இருந்தாலும் மலாய்க்காரர் தெங்கிலிங் என்னும் அழுங்கு பல்லி இனமன்று. குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி. பறந்தாலும் வெளவால் பறவையன்று, அதுவும் பாலூட்டியே.

எந்த வரம்பிலும் முழுதாக அடங்காத உயிர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து பிளாட்டிபஸ் என்னும் விலங்கின் தோல் இலண்டனுக்குப் போனது. 1799இல் அதை விவரித்த ஜார்ஜ் ஷா, வாத்தின் அலகை யாரோ வேறொரு விலங்கில் ஒட்டித் தைத்து விட்டார்களோ என்று ஐயப்பட்டார். உரோமம் உண்டு, பாலும் உண்டு. ஆனால் முட்டையிடுகிறது என்பது 1884இல்தான் உறுதியாயிற்று. இயற்கை நம் பெட்டிகளைப் பார்த்துப் படைப்பதில்லை. நாம்தான் இயற்கையைப் பார்த்துப் பெட்டியைத் திருத்த வேண்டும்.

நம் நாட்டுத் தெனுக்கும் அப்படித்தான் அறிஞர்களைத் திகைக்க வைத்தது. முன்பாதி கறுப்பு, நடுவில் வெள்ளை. மூக்கைப் பார்த்தால் யானை, உடம்பைப் பார்த்தால் பன்றி. மலாக்காவின் ஆங்கில அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபர்குவார் 1816இல் இதைப் பற்றிக் கல்கத்தா ஆசியச் சங்கத்துக்கு எழுதினார். அவர் சீன ஓவியர்களைக் கொண்டு இந்த நாட்டுச் செடிகொடி, விலங்குகளைப் பார்த்து வரையச் செய்த 477 படங்கள் இன்று சிங்கப்பூரில் உள்ளன. 1819இல் பிரெஞ்சு அறிஞர் டெமரே தெனுக்குக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதன் முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல். காலையும் பல்லையும் ஆராய்ந்தபோது, அது யானைக்கும் பன்றிக்கும் உறவில்லை. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்குமே உறவு என்பது தெரிய வந்தது.

சரவாக்கில் துளிர்த்த மரம்

இதுவரை வந்தவர்கள் "எது எதோடு சேரும்?" என்று கேட்டார்கள். "ஏன் சேர்கிறது?" என்ற கேள்விக்கு விடை தேடி ஒருவர் நம் பக்கமே வந்தார். அவர் பெயர் ஆல்பிரட் ரசல் வாலஸ். 1823இல் பிறந்தவர். வீட்டில் பண முடை. பதினாலு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. நிலம் அளக்கும் வேலை செய்தார். தாமே படித்தார். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். புக்கிட் தீமாக் காட்டில் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ எழுநூறு வகை வண்டுகளைத் திரட்டினார். பிறகு மலாக்காவுக்கும் அதன் பின் சரவாக்குக்கும் போனார்.

1855 பிப்ரவரியில், மழைக்காலத்தில், சந்துபோங் மலையடிவாரத்தில் தங்கியிருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். புதிய இனம் ஒவ்வொன்றும் அதே இடத்தில் முன்பே இருந்த நெருங்கிய இனத்தை ஒட்டியே தோன்றுகிறது என்பது அதன் சாரம். உயிர்களின் உறவு முறை, கிளை கிளையாகப் பிரியும் முதிய மரம் போன்றது என்றும் அதில் சொன்னார். எட்டு ஆண்டுகள் இந்தத் தீவுகளில் அலைந்து அவர் சேர்த்த மாதிரிகள் 1,25,660. சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் அவருக்கு வலக்கையாக இருந்து, பறவைகளைப் பிடித்துப் பாடம் செய்து கொடுத்தார். வாலஸ் தம் நூலில் அந்த இளைஞரை மறவாமல் குறிப்பிட்டிருக்கிறார்.

1858இல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சல் கண்டு படுத்திருந்தபோது, சூழ்நிலைக்கு ஏற்றவை பிழைத்துப் பெருகுவதால் இனங்கள் மாறுகின்றன என்ற எண்ணம் வாலசுக்கு உதித்தது. அதை எழுதி இங்கிலாந்திலிருந்த சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். அதே முடிவுக்கு டார்வின் முன்பே வந்திருந்தார். அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இருவர் எழுத்துகளும் இலண்டன் லின்னேயஸ் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. 1859இல் வெளிவந்த டார்வினின் நூலில் இருந்த ஒரே படம், கிளைவிடும் மரம் போன்ற ஒரு வரைபடம்.

அதுவரை உயிர்களை ஏணிப்படி போல அடுக்கி, கீழே புழு, மேலே மனிதன் என்று எண்ணியிருந்தார்கள். மரத்திலோ அந்த எண்ணத்துக்கு இடமில்லை. தளிர்கள் எல்லாம் ஒரே அடிமரத்தில் வந்தவை. எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்று கேட்கலாம். எந்தக் கிளை உயர்ந்த குலம் என்று கேட்பதில் பொருளில்லை. லின்னேயஸ் மனிதர் மேல் எழுதி வைத்த குணப்பட்டியலும் இத்துடன் அடிபட்டுப் போயிருக்க வேண்டும். அது சாக நெடுங்காலம் பிடித்தது.

கொசுவும் நம் பாட்டன்மாரும்

வாலசைப் படுக்க வைத்த அந்தக் குளிர்காய்ச்சல்தான் நம் தோட்டங்களையும் சுடுகாடாக்கியது. மலேரியாவைக் கொசு பரப்புகிறதா என்று அறிய, இந்தியாவில் மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ் 1895 முதல் செகந்திராபாத்தில் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. காரணம், அவர் அறுத்தவை வேறு வகைக் கொசுக்கள்! 1897 ஆகஸ்டில், இறக்கையில் புள்ளியுள்ள வேறொரு கொசு கையில் கிடைத்தது. ஆகஸ்ட் 20ஆம் நாள் அதன் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதுவே அனோபிலஸ். இரண்டாண்டு உழைப்பு வீணானதும், ஒரே நாளில் வெற்றி கிடைத்ததும் வகை அறிவதில் இருந்தது.

மலாயாவுக்கு 1900இல் வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். கரையோரச் சமவெளித் தோட்டங்களிலும் இந்த முறை பலித்தது. "காட்டை வெட்டு, வெளிச்சம் வரட்டும், காய்ச்சல் ஓடிவிடும்" என்று எல்லாரும் நம்பினார்கள். பிறகு மலைப்பாங்கான தோட்டங்களிலும் அதையே செய்தார்கள். அங்கே காய்ச்சல் ஓடவில்லை, கூடியது! கப்பலில் வந்து இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் லயத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். பெரட்டுக்கு ஆள் இல்லை, சாவுக்குக் கணக்கில்லை.

வாட்சன் ஓடைகளில் இறங்கிக் கொசுக்குஞ்சுகளைத் தேடினார். சமவெளியில் இருந்தது அனோபிலஸ் அம்புரோசஸ். அதற்கு நிழல் வேண்டும். காட்டை வெட்டியதும் அது ஒழிந்தது. மலையில் இருந்ததோ அனோபிலஸ் மாக்குலாட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் அதற்குத் தொட்டில். காட்டை வெட்டி வெயிலை விட்டதும் அது பெருகிவிட்டது. ஒரு கொசுவுக்கு நஞ்சானது இன்னொரு கொசுவுக்கு விருந்து! அதன் பிறகே மலைச்சரிவு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் புதைத்து மூடினார்கள். பிற்பாடு நீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய் டின்னை முதுகில் சுமந்துகொண்டு ஓடை ஓடையாகத் தெளித்துப் போன ஆட்களை நம் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

அந்த இரண்டு கொசுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாதாரணக் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. இறக்கைப் புள்ளியையும் கால் வளையத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த உற்றுப் பார்த்தலில் நம்மவர் பல்லாயிரம் பேர் உயிர் தொங்கியிருந்தது. "எதுக்குங்க இந்தக் கணக்கு?" என்ற கேள்விக்கு இதுதான் விடை.

இன்றும் தொடரும் திருத்தம்

இந்தத் திருத்தும் வேலை முடிந்துவிடவில்லை. இப்போது உடலை மட்டுமன்றி, மரபணுவையும் படித்து உறவு பார்க்கிறார்கள். அழுங்குக்கு நெருங்கிய உறவு நாயும் பூனையும் அடங்கிய கூட்டம் என்று தெரிந்திருக்கிறது. திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவு நீர்யானை. 2001இல் வெளியான பாகிஸ்தான் புதைபடிவங்களில் பழந்திமிங்கிலத்தின் கணுக்கால் எலும்பும் அதற்குச் சான்று சொன்னது. பறவைகள் டைனோசர் கிளையில் வந்தவை என்பதும் இன்று நிலைநாட்டப்பட்டுவிட்டது. லின்னேயஸ் ஆசிய யானைக்கு அடையாளமாகக் கொண்ட, புட்டியில் கிடந்த யானைக்கரு உண்மையில் ஆப்பிரிக்க யானையினுடையது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள்!

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சரவாக்கின் காப்பிட் பகுதியில் மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அது அவ்வளவு கொடுமையில்லாத ஒருவகை மலேரியாக் கிருமி என்று எழுதி வந்தார்கள். பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும் மரபணுவை ஆராய்ந்து, 2004இல் உண்மையை வெளியிட்டார்கள். 208 நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது குரங்குகளிடம் காணப்படும் வேறொரு கிருமி. தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் இது இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். கவனிக்காவிட்டால் உயிரைக் குடிக்கும். மனிதருக்கே உரிய மலேரியா 2018இல் மலேசியாவில் உள்நாட்டுத் தொற்றாக ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குரங்கு மலேரியாவோ இன்னும் இருக்கிறது. காட்டோரம் வேலை செய்பவர்கள் காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், காட்டோர வேலை என்பதையும் சொல்ல வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குபவர்களுக்கு வாழ்த்துகள். வாங்காதவர்களுக்கும் வாழ்த்துகள், பதினாலு வயதில் பள்ளியை விட்ட வாலசை நினைத்துக் கொள்ளுங்கள். நாளைக் காலை ஒரு சிறு உயிரைக் கண்டால் உடனே செருப்பைத் தூக்காதீர்கள். எட்ட நின்று கால்களை எண்ணுங்கள். உடல் எத்தனை பகுதி, இறக்கை உண்டா, இல்லையா என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை வந்து, "அம்மா, எட்டுக்கால் பூச்சி பூச்சியாம்மா?" என்று கேட்டால், "போடா, போய் வேலையைப் பாரு" என்று விரட்டாதீர்கள். "எத்தனை காலுன்னு எண்ணிட்டு வா, ரெண்டு பேரும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்ட பிள்ளைகள்தான் ஒருநாள் ஓடையில் இறங்கிக் கொசுவைத் தேடி, ஊரைக் காப்பாற்றினார்கள்.

வாழ்க நம் பள்ளி! வளர்க அறிவு!